அரளி வேலி

அரளியை வளர்க்கப் பெரிய அறிவு வேண்டாம். மழைக்காலத்தில் விரல் பருமனில் ஒரு கொம்பை ஒடித்து ஈர மண்ணில் குத்தினால் போதும், பிடித்துக்கொள்ளும். தண்ணீர் கேட்காது, எரு கேட்காது. இலையெல்லாம் விஷம் என்பதால் ஆடுமாடு வாய் வைக்காது. நாராயணவனத்துக்குத் தெற்கே எங்கள் மல்லித் தோட்டத்தைச் சுற்றி அதுதான் வேலி. சிவப்புப் பூ. பெண்கள் தலையில் வைக்க மாட்டார்கள், சாமிக்கு மாலை கட்டலாம். மல்லிக்கு இருந்த மரியாதையில் கால்வாசிகூட எங்கள் வீட்டில் அதற்குக் கிடையாது.

மல்லியைக் காப்பாற்றியவை இரண்டு மாடுகள். விடிந்ததும் நைனா அவற்றைக் கவலை ஏற்றத்தில் பூட்டுவார். மாடுகள் சரிவில் இறங்க இறங்கக் கிணற்றிலிருந்து தோல் சால் ஏறி வந்து வாய்க்காலில் கொட்டும். ஒரு மாடு போனால் தண்ணீர் போச்சு, தண்ணீர் போனால் பூப் போச்சு, அப்புறம் எங்கள் சோறும் போச்சு. எங்களுக்குக் கூழ் ஊற்றுவதற்கு முன்னால் அம்மா மாட்டுக்குத்தான் தீனி வைப்பாள். அதில் எனக்குப் பொறாமைகூட உண்டு.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்த ஊர் மதராஸுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று இழுபறி. நைனாவுக்கு மதராஸ் பைத்தியம். நான் தெலுங்கில் வாய்ப்பாடு சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். புத்தூர்ச் சந்தையில் அவரே தெலுங்கில்தான் பேரம் பேசுவார், அது வேறு கதை.

ஒரு கோடையில் நிலம் அளக்கிறவர்கள் சங்கிலியோடு வந்தார்கள். மூன்றுகால் கருவியை எங்கள் தோட்டத்து மூலையில் நிறுத்திப் பார்த்தார்கள். வேலி மறைத்தது. ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வெட்டிக் கொடுத்தால் போதும் என்றார்கள். எல்லைக் கோடு எங்கள் நிலத்தின் மேலேயே வந்து எங்களை மதராஸில் சேர்க்கப்போகிறது என்று நைனா முடிவே கட்டிவிட்டார். கொடுவாளை எடுத்து மதராஸ் பக்கமிருந்த கிழக்கு வேலி முழுவதையும் தரையோடு வெட்டிச் சாய்த்தார். கேட்காததைச் செய்வதில் எங்கள் வம்சத்துக்கே ஒரு சுகம்.

கழித்த அரளிக் கொம்பை ஏரிக்கரைக்கு அப்பால் எறிந்துவிடுவதுதான் வழக்கம். இந்தமுறை மதராஸ் வருகிற அவசரம். கொம்புகள் கடலைக்கொடிப் போருக்குப் பக்கத்திலேயே கிடந்து வெயிலில் சருகாயின. காற்று சருகைக் கொடிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. தீனிக்குப் பஞ்சமான நாட்கள். அம்மா போரின் அடியைச் சுரண்டித்தான் அள்ளினாள். பச்சை அரளியை மாடு மோந்துகூடப் பார்க்காது. காய்ந்தால் கசப்பு குறையும், விஷம் குறையாது. இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள் காலை வலத்து மாடு அசை போடவில்லை. வெயிலுக்குச் சோம்பேறித்தனம் என்று நைனா அதை இழுத்துப் பூட்டினார். பாதிச் சரிவில் நின்றது. சாட்டையால் அடித்தார். இன்னும் இரண்டு எட்டு வைத்து, கால் நடுங்கி, நுகத்தோடு சாய்ந்தது. மூங்கில் குழாயால் அதன் வாயில் மோர் ஊற்றினோம், வழிந்துவிட்டது. உச்சிக்குள் செத்துவிட்டது. வேலி பயிரை மேய்ந்ததாகச் சொல்வார்கள். எங்கள் வேலி மாட்டை மேய்ந்துவிட்டது.

தீனித் தொட்டியைத் துழாவிய அம்மாதான் நீள நீளமான அந்த இலைகளைக் கண்டாள். எடுத்துவந்து நைனாவிடம் நீட்டினாள்.

"உன் கையாலதான போட்ட?" என்றார் நைனா.

அந்தக் கேள்விக்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மறுநாள் கடப்பாரையோடு போய் அரளி வேர்களைத் தோண்ட ஆரம்பித்தார். அம்மா குறுக்கே போய் நின்றாள்.

"அத்த எதுக்கு நோண்டற? அது மாட்டாண்ட நடந்து வந்துச்சா? நாமதான் வெட்டி அது வாயாண்ட போட்டோம்."

பாவத்தில் அவள் பாதியை எடுத்துக்கொண்டாள். நைனா கடப்பாரையைப் போட்டுவிட்டு நடந்துவிட்டார்.

ஒற்றை மாட்டால் கவலை இறைக்க முடியாது, அதையும் விற்றோம். ஆடிக்குள் மல்லி கருகியது. நைனா புத்தூருக்குக் கூலிக்குப் போனார். முதல் மழைக்கு அரளிக் கட்டைகள் மட்டும் யாரும் கேட்காமலே துளிர்த்தன. அம்மா விடியலில் மொட்டுப் பறித்து நாராயணவனத்தில் மாலை கட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டு வருவாள். எங்கள் மாட்டைக் கொன்ற செடி எங்களுக்குச் சோறு போட்டது. அந்தச் சோறு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன், பசி.

கடைசியில் எல்லைக் கல் நட்டார்கள். எங்கள் நிலத்தில் இல்லை, அதன் பக்கத்திலும் இல்லை. ஏரியையும் தாண்டி, அடுத்த ஊருக்கும் அப்பால். நாங்கள் ஆந்திராவிலேயே இருந்தோம். நைனா ஒருநாள் கூலிக்குப் போகாமல் அந்தக் கல்லைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அம்மா வைத்த சோற்றைத் தொடவில்லை.

கிழக்கு வேலி மறுபடியும் ஆள் உயரத்துக்கு அடர்ந்து வளர்ந்தது. அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று நைனா அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.