மணிக்கட்டைப் பிடித்த அக்கா

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. புதுக்கோட்டையிலிருந்து பட்டுக்கோட்டையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்தால் எனக்கு ஆகாது. அதற்காகவே கையில் ஒரு புத்தகம் வைத்திருப்பேன். அன்றைக்கு இருந்தது லைப்ரரியில் எடுத்த தடி நாவல். வெள்ளைக்காரன் காலத்தில் ஊர் ஊராகப் போன ஒரு சர்க்கஸ் கம்பெனி. அதில் அந்தரத்தில் ஊஞ்சல் ஆடுகிற ஒருத்தி, தாவி வரும் அவளைப் பிடிக்கிற ஒருவன், இரண்டு பேருக்கும் காதல். பட்டினியும் பாடுமாகக் கதை போகும். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தது.

பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா. அட்டைப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தவர், ஆலங்குடி தாண்டியதும் கேட்டேவிட்டார், சர்க்கஸ் கதையா என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன்.

"நானும் சர்க்கஸ்ல இதே மாதிரி அந்தரத்துல பார் ஆடுனவதாங்க" என்றார்.

அதற்கு மேல் படிப்பு ஓடுமா? புத்தகத்தை மூடிவிட்டேன்.

அட்டையில் அந்த இருவரும் அந்தரத்தில் விரலோடு விரல் கோத்திருந்தார்கள். இப்படிப் பிடித்தால் இரண்டாம் நாள் ஆள் இருக்காது என்று சிரித்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் மணிக்கட்டை என்னையும் பிடிக்கச் சொன்னார்.

"ரெண்டு பேருமே பிடிக்கணும். ஒருத்தர் கை நழுவுனாலும் இன்னொருத்தர் பிடி இருக்கும்ல."

உடும்புப் பிடிதான். என் வளையல் அழுந்தி வலித்தது. கூச்சத்தில் சொல்லவில்லை.

அந்தரத்தில் தன்னைப் பிடித்தவரையே கட்டிக்கொண்டாராம். கூடாரத்து நடுவிலேயே மாலை மாற்றினார்களாம். கூட்டம் குறைந்து கம்பெனியை மூடியதும் திருப்பூருக்குப் பிழைக்கப் போனார்கள். இவருக்குப் பனியன் கம்பெனி, வீட்டுக்காரருக்குப் பெயிண்ட் வேலை. மேலே ஒருநாளும் தவறாத மனிதர், கட்டடத்துச் சாரத்திலிருந்து விழுந்தார். கீழே வலை இல்லையே. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போனது. கறம்பக்குடியில் இருக்கும் அவருடைய தங்கை வந்து அவரைக் கூட்டிப் போனார். யாராவது ஒருத்தர் சம்பாதிக்க வேண்டுமே என்று இவர் திருப்பூரிலேயே இருந்தார். கொஞ்ச நாளில் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. இனிமேல் வராதே, உன் வாழ்க்கையைப் பார்த்துக்கொள் என்று. அதற்குப்பின் அவர் போனை எடுப்பதே இல்லை.

இப்போது சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்திருக்கிறார். புதுக்கோட்டை வரைக்கும் இருந்த தைரியம் அதற்கு மேல் இல்லையாம். வராதே என்று சொன்ன மனிதர் முன்னால் எப்படிப் போய் நிற்பது, இப்படியே இறங்கித் திரும்பிவிடலாமா என்று என்னிடமே கேட்டார். நான் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தேன்.

அவரும் அட்டையைப் பார்த்துவிட்டு, "இதுல அந்த ரெண்டு பேரும் கடைசில சேந்துட்டாகளா?" என்றார்.

இன்னும் படிக்கவில்லை என்றேன். விடவில்லை, பார்த்துச் சொல்லச் சொன்னார். கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். அடிபட்டுக் கிடக்கிற அவன், அவளை வேறு கம்பெனியோடு ரயிலேற்றி அனுப்பிவிடுகிறான். அவளும் அழுதுகொண்டே போய்விடுகிறாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் பொய் வரவில்லை.

"சேரலைக்கா. அவ நல்லா இருக்கட்டும்னு அவன் அனுப்பிட்டான்."

அவர் ஜன்னலுக்கு வெளியே நனைந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாவி, ஏன் வாயைத் திறந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். கறம்பக்குடி வந்துவிட்டது. எழுந்து பையை எடுத்தவர், என் பக்கம் குனிந்தார்.

"அவன் விட்டுட்டான், சரி. அவ பிடி என்னாச்சு?"

பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கிவிட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தூறலில் நின்றபடி போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் எடுக்கவில்லை போலிருக்கிறது. போனைப் பையில் போட்டுவிட்டு ஆட்டோவுக்குக் கைகாட்டினார்.

அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. போன இடத்தில் என்ன ஆனதோ, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. வேண்டியவர்கள் யாராவது நொந்துபோய் 'என்னை விட்டுடு' என்றால், முன்பெல்லாம் விலகிப் போவதுதான் மரியாதை என்று நினைப்பேன். இப்போதோ, அவர்கள் கைதானே நழுவுகிறது, என் கைக்கு என்ன வந்தது என்று இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.