கால் சென்ட்டைத் தேடிப் போன சனிக்கிழமை

நாணயம் சேர்ப்பவன் வீட்டில் காசுக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் கோப்பிக்கடையில் நீட்ட அதில் ஒன்றுகூட உதவாது. உங்களில் யாராவது தபால்தலையோ, பழைய நோட்டோ, பஸ் டிக்கெட்டோ சேர்ப்பவராக இருந்தால் மேலே படியுங்கள், நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். அதுவும் பழகிவிட்டது.

என் நோய், வெள்ளைக்காரன் காலத்துச் சிங்கப்பூரில் புழங்கிய செப்புக் காசு. அதிலும் கால் சென்ட். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் விக்டோரியா மகாராணி, மறுபக்கம் வருஷம். வருஷத்துக்கு ஒன்றாக ஆல்பத்தில் வரிசையாக வைத்திருக்கிறேன். அதில் பதினோரு வருஷமாக ஒரே ஒரு குழி காலி. எந்த வருஷத்துக் காசு என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் விலை ஏறிவிடும்.

பெரிய பை

ஜூரோங்கில் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போகிற நாளில் என்னை எழுப்ப இரண்டு அலாரம் வேண்டும். நாணயக் கண்காட்சி அன்றைக்கு ஐந்து மணிக்கே தானாக விழிப்பு வந்துவிட்டது. உள்ளங்கை வேறு அரித்தது. இன்றைக்கு அந்தக் காசு கிடைத்தே தீரும் என்று எனக்குள் ஒரு நிச்சயம். பல் தேய்க்கும்போதே விசில் அடித்தேன்.

பாசிர் ரிஸ் வீட்டில் சத்தம் போடாமல் கிளம்புவது என் வழக்கம். பூதக்கண்ணாடி, பருத்திக் கையுறை, காசு வைக்கும் அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு செருப்பைக் கையில் பிடித்தபடி அறைக் கதவைத் திறந்தால், என் மனைவி செல்வி சமையலறை வாசலில் நிற்கிறாள். "ஒரே ஒரு காசுதான் வாங்குவேன், சத்தியமா," என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒரு காசு வாங்கவா இவ்ளோ பெரிய பை?"

முகத்தை வைத்துக்கொள்வது எப்படி

கண்காட்சி, சிராங்கூன் ரோட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு ஹோட்டலின் மூன்றாம் மாடியில். பத்து மணிக்குத் திறப்பார்கள் என்றால் ஒன்பதுக்கே வரிசை நிற்கும். வரிசையில் நிற்கிற யாருக்கும் எதுவும் வேண்டாம். "சும்மா பாக்க வந்தேன்" என்றுதான் எல்லாரும் சொல்வோம். கதவு திறந்ததும் அந்த 'சும்மா பார்க்க வந்தவர்கள்' ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்! நானும் ஓடினேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயது.

காசு வாங்குவதில் பாலபாடம் ஒன்றுதான்: வேண்டியதை முதலில் கேட்கக் கூடாது. நான் நேராக டான் அங்கிளின் மேசைக்குப் போனேன். முப்பது வருஷமாகப் பழங்காசு விற்கும் சீனர். அவரிடம் பழைய நோட்டுகளின் விலையை விசாரித்தேன். கொட்டாவி விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ போகிற போக்கில் என்பதுபோல், கால் சென்ட் தட்டைப் பக்கம் இழுத்தேன். எட்டு வெவ்வேறு வருஷத்துக் காசுகள் இருந்தன, என் வருஷம் இல்லை. போன மாதம் ஒன்று வந்ததாம், வெளிநாட்டுக்காரர் ஒருவர் வாங்கிப் போய்விட்டாராம். "ஐ டோன்ட் நீட் எனிவே," என்று தட்டைத் தள்ளினேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"யுவர் மவுத் சே நோ நீட். யுவர் ஹேண்ட் ஷேக்கிங் லா."

புளி

கண்காட்சி நடத்துகிற எங்கள் நாணயச் சங்கத்தில் ஒரு முறை உண்டு. கண்காட்சிக்கு வருகிற பொதுமக்கள் வீட்டில் கிடந்த காசுகளைக் கொண்டுவந்தால், அது என்ன, எவ்வளவு பெறும் என்று இலவசமாகப் பார்த்துச் சொல்வோம். ஆளுக்கு ஒரு மணி நேரம் அந்த மேசையில் உட்கார வேண்டும். உட்கார்ந்திருப்பவர் அந்த மேசைக்கு வருகிற காசைத் தாமே வாங்கக் கூடாது. மதிப்பைக் குறைத்துச் சொல்லி அமுக்கிவிட்டான் என்று பேச்சு வரக்கூடாது அல்லவா, அதற்காக. என் முறை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை.

முதலில் வந்தவர் ஸ்டெல்லா என்ற அக்கா. கணவரோடு சர்ச் வேலையை முடித்துவிட்டு நேராக வந்ததாகச் சொன்னார். கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே பழைய சதுர ஒரு சென்ட் ஒன்று, இப்போதுதான் அச்சடித்ததுபோல் பளபளவென்று மின்னியது. "கழுவினீங்களா?" என்றேன். அவருக்கு முகமெல்லாம் பெருமை. இரண்டு நாள் புளியில் ஊறவைத்து, குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல் தேங்காய் நாரால் தேய்த்தாராம். உங்களுக்குத் தெரியும், நம் ஆட்கள் பழங்காசுக்குச் செய்கிற முதல் மரியாதை இதுதான். நூறு வருஷம் ஏறிய நிறத்தை இரண்டே நாளில் உரித்துவிடுவார்கள். அழுக்கோடு கொண்டுவந்திருந்தால் பத்து மடங்கு விலை போயிருக்கும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அக்கா காசை மறுபடி கைக்குட்டையில் முடிந்தார். பிறகு பக்கத்தில் நின்ற கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அழுக்கா இருந்தாத்தான் மதிப்புன்னா, இவரைல்ல மேசையில வெச்சிருப்பேன்!"

இழை

பதினொன்றே முக்காலுக்கு ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். பெயர் பார்வதி, பள்ளிக்கூட கேன்டீனில் கடை போட்டிருந்தவர். கணவர் பஸ் ஓட்டியவராம், போய் எட்டு மாதம் ஆகிறதாம். அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது அவருடைய பழைய காலுறைக்குள் இருந்தது என்று ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தார். "மகதான் பிரிச்சு இதுல போட்டு வெச்சா. எதுவும் தேறுமா பாருங்க தம்பி."

விக்டோரியா கால் சென்ட். திருப்பினேன். என் வருஷம்!

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்ல? ஏசி குளிரில் எனக்கு வேர்த்தது. முதலில் நான் செய்த காரியம், காசின்மேல் உள்ளங்கையை வைத்து மூடியது. எதிர் மேசையிலிருந்து டான் அங்கிள் பார்த்துவிடக் கூடாதே! மணியைப் பார்த்தேன். இன்னும் பன்னிரண்டு நிமிஷம். எழுந்துவிட்டால் நானும் நாலு பேரில் ஒருவன், நியாயமான விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று மனசு சட்டம் பேசியது.

நேரத்தைக் கடத்துவதற்காகப் பூதக்கண்ணாடியை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. மகாராணியின் கன்னத்தில் மெல்லிய துணி இழை பதிந்திருந்தது. எழுத்துகளின் இடுக்கில் சிவப்பாக ஏதோ துகள், குங்குமம். "இது எதுல சுத்தியிருந்துச்சு?" என்று கேட்டேன். அந்த அம்மா கைப்பைக்குள் தேடி, பழுப்பேறிய ஒரு துண்டுத் துணியை எடுத்தார். எண்ணெய் துடைத்த துணி என்று நினைத்தாராம். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டையும் இருந்தது, ஆஸ்பத்திரியில் நோயாளியின் மணிக்கட்டில் மாட்டுவார்களே, அது. அதில் பார்வதி என்று இருந்தது.

துணியின் மடிப்பைப் பிரித்தால் உள்ளே இன்னும் மஞ்சள். உங்களிடம் மறைப்பானேன், அப்போதும் ஒரு நிமிஷம் வாயைத் திறக்காமல்தான் உட்கார்ந்திருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். "அம்மா, இது விக்கிற காசு இல்ல. உங்களுக்காக நேர்ந்துக்கிட்டு முடிஞ்சு வெச்சிருக்காரு."

அவர் பட்டையைக் கையில் எடுத்துத் தடவினார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மாவுக்கு இருதய ஆபரேஷன். அந்தக் காசு, வாலிபத்திலிருந்து கணவரின் சட்டைப் பையிலேயே கிடந்த ராசிக் காசு. ஆபரேஷன் சமயத்தில் அது காணாமல் போய்விட்டது. கோப்பிக்கடையில் தொலைத்துவிட்டேன் என்று கணவர் சொன்னாராம். வீட்டுக்கு வந்த பிறகு கோயிலுக்குப் போகலாம் வா, வா என்று கூப்பிட்டிருக்கிறார். கடையை விட்டு வர முடியாது என்று இவர்தான் தள்ளிப் போட்டிருக்கிறார். இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்த அம்மா பட்டையை மறுபடி துணிக்குள் வைத்தார்.

"தொலைச்சிட்டேன்னாரே தம்பி. ஒரு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லித் திட்டினேனே."

என் நாக்கு

இதோடு நான் சும்மா இருந்திருந்தால் நல்லவன். ஆனால் பதினோரு வருஷத்து ஆசை என்னை விடவில்லை. "சில பேரு அந்தக் காசுக்குப் பதிலா வேற பணத்தை உண்டியல்ல போடுறதும் உண்டும்மா. சாமி ஒண்ணும் சொல்லாது. நான் நல்ல விலை..." என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நோட்டு வெக்கணும்னா அவரே நோட்டு வெச்சிருப்பாரு தம்பி," என்றார் அந்த அம்மா. "தன்கிட்ட இருந்ததுலயே எதை விட மனசு வராதோ அதை எடுத்து வெச்சிருக்காரு." அந்த நேரம் பார்த்து டான் அங்கிள் வந்து நின்றார். அவருடைய கண்ணுக்கு எதுவும் தப்பாது. காசைப் பார்த்ததும் புருவம் ஏறியது, கை தானாகக் கால்சட்டைப் பைக்குப் போனது. கேட்ட விலையைக் கொடுக்கிற ஆள்தான். மஞ்சள் துணியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைப் பையிலிருந்து எடுத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"காட் ஆல்ரெடி புக். ஐ டோன்ட் டச் லா."

நடை சாத்துமுன்

பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள். கணவர் வழக்கமாகப் போகும் அம்மன் கோயில், சிராங்கூன் ரோட்டிலேயே இருப்பது. "இன்னிக்கே போட்டுடணும், இன்னும் ஒரு நாள் அவரைக் கடன்காரரா வெச்சிருக்க மாட்டேன்," என்று எழுந்துவிட்டார் அந்த அம்மா. முழங்காலோ ஒத்துழைக்கவில்லை. சனிக்கிழமை நெரிசலில் டாக்சியில் ஏறினால் அதிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மணி பன்னிரண்டு அடித்ததும் நாற்காலியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவருடைய கைப்பையை என் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இன்னும் நாற்பது மேசை பார்க்கவில்லை. அது எனக்கு நினைவுகூட வரவில்லை.

காய்கறிக் கூடைகளைத் தாண்டி, பூக்கடைக்காரரை வழிவிடச் சொல்லி, சிக்னலில் பச்சை மனிதன் சிவப்பாவதற்குள் சாலையைக் கடந்து, "மெதுவா வாங்கம்மா" என்று நானும் "நீங்க வேகமா போங்க தம்பி" என்று அவரும். எனக்கு என்னவோ தேர் இழுக்கிற உற்சாகம் வந்துவிட்டது. கோயிலுக்குள் நுழையும்போது திரை போட இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது. கும்பிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், உண்டியல் பக்கம் வந்தார். வந்தவர் காசைப் போடாமல் என் கையைப் பிடித்து, என் உள்ளங்கையில் வைத்தார். "நீங்க போடுங்க. அவரு எனக்காக நேர்ந்தது. நானே போட்டா எனக்கு நானே போட்டுக்கிட்ட மாதிரி ஆயிடும்."

பதினோரு வருஷம் தேடிய காசு. இழை பதிந்த கன்னம், உரிக்கப்படாத நிறம், இத்தனை நல்ல நிலையில் ஒன்றை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. உண்டியல் வாய்க்குப் பக்கத்தில் என் விரல்கள் கொஞ்ச நேரம் சண்டித்தனம் செய்தன. அப்புறம் விட்டுவிட்டேன். உண்டியல் நிறைய நோட்டு போலிருக்கிறது, ஒரு டிங் சத்தம்கூட வரவில்லை. அந்த அம்மா காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு என் மூடிய கையையும், சட்டைப் பையையும், தோளில் தொங்கிய என் பெரிய பையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் இரண்டு உள்ளங்கைகளையும் அம்மன் முன்னால் விரித்துக் காட்டினேன்.

"சத்தமே வரலியே தம்பி. நெசமாவே போட்டீங்கல்ல?"

என் ஆல்பத்தில் அந்தக் குழி இன்றும் காலிதான், ஆனால் தனக்குக் கிடைக்காத காசு எங்கே இருக்கிறது என்று விலாசத்தோடு சொல்லக்கூடிய நாணயச் சேகரிப்பாளன் சிங்கப்பூரில் நான் ஒருவன்தான்.