கம்பியும் திரியும்

பஞ்சைத் தண்ணீரில் போட்டால் முங்க வேண்டும். மிதந்தால் ஆகாது. தலையணையைப் பிரித்து எடுத்த இலவம்பஞ்சு சொம்புத் தண்ணீரில் மிதந்துகொண்டே இருந்தது, விரலால் அழுத்தினாலும் எழும்பி வந்தது. கடையில் வாங்கிய விளக்குத் திரி ஒன்றைக் கொளுத்திப் பார்த்தேன். நுனி உருகிக் கறுப்பு மணியாய்த் திரண்டது. பருத்தியோடு வேறு ஏதோ நூல் கலந்திருக்கிறார்கள். மெடிக்கல் கடைப் பஞ்சு மட்டும்தான் போட்டவுடன் நீரை இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தது. அதைக் கொதிக்க வைத்து, பிழிந்து, சுத்தமான துணியில் காயப் போட்டேன். என் நைனா மறுபடி பீடியைத் தொடக்கூடாது. அதற்காகத்தான் இத்தனையும்.

நைனா அரிசி மில்லில் மூட்டை தூக்கினவர். தவிட்டுத் தூசியும் பீடிப் புகையும் சேர்ந்து அவர் நெஞ்சைத் தின்றுவிட்டன. வாசலிலிருந்து குழாயடி வரை நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உத்திரமேரூர் ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி, பீடியை விடாவிட்டால் நாங்கள் எதற்கும் தயாராக இருக்க வேண்டும் என்று என்னிடம்தான் சொன்னார். எங்கள் வீட்டில் யாரிடம் பேசினால் புரியும் என்று பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

நைனா விட முயன்றார், முடியவில்லை. துபாயில் வேலை செய்யும் என் தாய்மாமன் லீவில் வந்தபோது ஒரு கருவியைக் கொண்டுவந்தார். டார்ச் லைட் கட்டை போல இருக்கும். பொத்தானை அழுத்தி உறிஞ்சினால், உள்ளே ஊற்றிய எண்ணெய் போன்ற நிக்கோட்டின் திரவம் ஆவியாக வரும். "பீடிய வுட்டுடு மாமா, இத்த இழு. அங்க எல்லாரும் இதான்" என்றார். நைனா முதல் இழுப்பிலேயே, "இன்னாடா இது, சாம்பிராணி போட்ட மாரி கீது" என்று முகத்தைச் சுளித்தார். ஆனால் இழுத்தார். பீடிக்கட்டு சட்டைப் பையிலிருந்து பரணுக்குப் போனது.

மாமன் திரும்பிப் போன கொஞ்ச காலத்தில், அவர் வைத்துவிட்டுப் போன திரவப் புட்டிகள் தீரும் முன்பே, உள்ளே சூடேறும் கம்பிச் சுருளான காயில் கருகிவிட்டது. புதிது வாங்க வழியில்லை. இந்த நாட்டில் அதை விற்கவே கூடாது. மாமனுக்கு போன் செய்தேன். "இங்க கடைக்குக் கடை கெடைக்குது, அங்க அனுப்பனா கஸ்டம்ஸ்ல புடுங்கிக்கிறான். நீதான் படிச்ச பொண்ணாச்சே, காயில நீயே கம்பி வாங்கி சுத்திக்கோயேன்" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டியவள் நான் ஒருத்திதான். தினமும் செங்கல்பட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இயற்பியல் படித்தேன். ஒரு பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டெண்டாக இருக்கிறேன். ஒரு கம்பி எவ்வளவு சூடாகும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். அதில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைத்ததும் இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து எலக்ட்ரிக்கல் கடையில் கரண்ட் அடுப்புக் காயில் கேட்டேன்.

"அடுப்புக்காம்மா?"

"இல்லண்ணே. எங்க நைனாவுக்கு."

"நைனாவ சுட வெக்கப் போறியா?" என்றார் கடைக்காரர். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தக் கம்பி தடிமன், பாட்டரி தாங்காது. செம்பு சூடேறாது. கட்டுக்கம்பி துருப்பிடிக்கும். துத்தநாகம் பூசிய கம்பியைத் தொடவே கூடாது, சூடேறினால் அந்த முலாமே விஷப் புகையாகும். கடைசியில் எங்கள் லேபிலேயே மின்தடை சோதனைக்கு வாங்கி மிஞ்சியிருந்த நிக்ரோம் கம்பியில் ஒரு துண்டைத் துறைத்தலைவரிடம் கேட்டு வாங்கினேன். முடி போல மெல்லிசு. நைனாவின் கோணி ஊசியில் அதை நெருக்கமாகச் சுற்றி, கருவியின் இரண்டு சின்ன திருகாணிகளுக்கு நடுவே முடுக்கி, மீட்டர் வைத்து அளந்தேன். பொத்தானை அழுத்தியபோது நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே சீராகச் சிவந்தது. பஞ்சைத் திரியாக உருட்டி அதற்குள் நுழைத்தேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி அது?"

"திரிம்மா. இது எண்ணெய இழுக்கும், கம்பி சூடேறும், ஆவி வரும்."

திரி என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவின் முகம் மாறிப்போனது. எங்கள் பக்கத்தில் மனுசர் முகத்தருகே திரி ஏற்றுவது செத்தவர் தலைமாட்டில் மட்டும்தான். "உசுரோட கீற மனுசன் மூஞ்சிக்கி நேரா திரி ஏத்துறியே. அடுக்குமா இது?" என்றாள்.

"இது வெளக்கு இல்லம்மா."

"திரின்னு நீதான சொன்ன?"

நைனா நடுவில் புகுந்தார். "வுடுடி, பேஜார் பண்ணாத. எம்பொண்ணு காலேஜி படிச்சிட்டு கட்டிக் குடுக்குது. கருமாரியே கட்டிக் குடுத்தாலும் இப்டி வராது." அம்மா எழுந்து போய்விட்டாள்.

அந்த மழைக்காலம் முழுக்க நைனா பீடி தொடவில்லை. ஏரிக்கரை வரை நடந்து போய் மதகில் உட்கார்ந்துவிட்டு வந்தார். வாரக் கடைசியில் நான் பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதுப் பஞ்சு போடுவேன். அம்மா வாசற்படியிலிருந்து என் கையையே பார்ப்பாள்.

பனி இறங்கியதும் இருமல் மறுபடி கூடியது. அம்மா யாரிடமோ போய்க் குறி கேட்டுவிட்டு வந்தாள். ஒரு சனிக்கிழமை நான் லேபில் இருந்தபோது போன் வந்தது. நைனாவுக்குத் தொண்டை அடைத்து, உதடு நீலமாகி, ஆட்டோவில் போட்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். நான் ஓடியபோது முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது.

"எதையாவது இழுத்தாரா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா மடியிலிருந்து கருவியை எடுத்துக் கொடுத்தாள். அவர் என்னைப் பார்த்தார். "இது தடை பண்ணினதுன்னு தெரியுமா?" கம்பியில் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அங்கேயே மூடியைத் திருகிக் கழற்றினேன்.

கம்பி நான் சுற்றியபடியே இருந்தது. உள்ளே பஞ்சு இல்லை. பழுப்பாக, நாராக, முறுக்கிய ஒரு பட்டை பாதி கரிந்து கிடந்தது. நான் செருகுவது போலவே, இரண்டு முனையும் சமமாக வெட்டி, அவ்வளவு சுத்தமாகச் செருகியிருந்தது.

"நான்தான் மாத்தனேன்" என்றாள் அம்மா. அவள் குரலில் பயமே இல்லை. "வெள்ளெருக்குத் திரி. பூசைக் கடையில வாங்கனேன். யாரோ செய்வென செஞ்சி வெச்சிகீறாங்களாம், எருக்கந்திரி எரிஞ்சா கிட்ட வராதாம். திரி எரியத்தான் போவுதுன்னா நல்ல திரியா எரியட்டுமே."

"எருக்கம்பால் கண்ணுல பட்டா கண்ணு பூடும்னு நீதானம்மா சொல்லுவ?"

"அது எருக்கு. இது வெள்ளெருக்குடி. புள்ளையார் குடியிருக்கிறது."

என்ன திரி என்பதை டாக்டரிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே சில நாட்கள் மெஷினில் இருந்தார். கண்ணைத் திறக்கவே இல்லை. நுரையீரல் ஏற்கெனவே போய்விட்டது, இந்தப் புகையால்தான் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார்கள். அந்த வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டுதான் நைனாவின் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

காரியம் முடிந்த அன்று நைனாவின் தங்கை, என் அத்தை, பந்தலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். "எங்க அண்ணன் வாயில இன்னாத்தடி வெச்சிக் கொன்னீங்க?"

அம்மா பதில் சொன்னாள். "நான் போட்டது நல்ல திரி. போட்ட ரெண்டு நாளும் நல்லாத்தான் இருந்தாரு. அந்தக் கம்பிதான் ஆவல."

அவள் பொய் சொல்லவில்லை. அப்படியே நம்பினாள். இப்போதும் நம்புகிறாள், வெள்ளிக்கிழமை தவறாமல் அதே திரியில் விளக்கேற்றுகிறாள். பந்தலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கம்பி எத்தனை டிகிரி தாங்கும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் அவ்வளவு சரியாகச் செய்த வேறொன்று இல்லை. அதைச் சொன்னால், மீதி இருக்கும் காலம் முழுக்க அம்மா எதோடு வாழ்வாள்?

"ஆமா அத்த" என்றேன். "கம்பிதான்."

அதன் பிறகு அத்தை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அவள் மகள் பிளஸ் டூ முடித்து, நான் படித்த காலேஜிலேயே அதே இயற்பியலுக்குப் போட்டிருந்தாள், இடமும் கிடைத்திருந்தது. "ஒருத்தி படிச்சி அப்பன அனுப்பனது போதும்" என்று அத்தை அவளை ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிட்டாள்.

போன வாரம் அந்தப் பெண் கம்பெனி பஸ்ஸிலிருந்து போன் செய்தாள். அவளுக்கு நான் அண்ணி முறை.

"அண்ணி, நீங்க அப்ப சொன்ன அளவ வெச்சி அந்தக் கம்பிக்கு கரண்டு கணக்கு நானும் போட்டுப் பாத்தேன். சரியாத்தான வருது?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நெசமாலுமே கம்பிதானா அண்ணி? சொன்னீங்கன்னா எங்கம்மாகிட்ட பேசுவேன். அடுத்த வருசமாவது சேத்துடுவாங்க."

அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்து, புடைத்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "யாருடி போன்ல?" என்று தலை நிமிராமல் கேட்டாள்.

"கம்பிதான்டி" என்றேன் போனில்.