ஆலாபனைக்கு வார்த்தை வேண்டாம்

போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு நடந்தது இது. எங்கள் வீடு மந்தைவெளியில். நானும் என் கணவரும் ஆசிரியர்கள். நான் இன்னும் வேலையில் இருக்கிறேன். அவர் ஓய்வுபெற்றுவிட்டார். வரலாறு நடத்துவார், கடைசி பெஞ்சு வரைக்கும் கணீரென்று கேட்கிற குரல். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடகர் குழுவில் நிற்பார். அவர் வராத வாரம் பாட்டே மெலிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்டவருக்கு, அதற்குச் சில மாதங்கள் முன்பு ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கவாதம் வந்தது. கை கால் மெல்லத் தேறிவிட்டன. பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் "அது... அது..." என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. பேச்சுப் பயிற்சியில் பசு மாட்டின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். சொல்ல முடியாமல் கண் கலங்கிவிட்டார். அதன்பிறகு அங்கே போகவே மறுத்தார். சர்ச்சுக்குப் போவதையும் நிறுத்தினார். வாசலில் நாலு பேர் "எப்படி இருக்கீங்க சார்?" என்று கேட்பார்களே, அதற்குப் பயந்துதான். நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். இந்த மனிதர் என் கண்ணெதிரிலேயே விலகிப் போய்க்கொண்டிருக்கிறாரே என்று எனக்குத் தோன்றும். ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போதுதான் எங்கள் பள்ளிப் பாட்டு டீச்சர் ஒரு விஷயம் சொன்னார். ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத்துறையில் வார இறுதி மாலைகளில் கச்சேரி வைக்கிறார்களாம். அங்கே படிக்கிற மாணவர்களும் ஆசிரியர்களும் பாடுவார்களாம். டிக்கெட், டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான். சபா கச்சேரிகளுக்கு நாங்கள் போய்ப் பழக்கமில்லை. ஆனால் ஒன்று தோன்றியது: அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவரிடம் சொன்னேன். என்ன நினைத்தாரோ, எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டார்.

ஆட்டோவில் போனோம். மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் பாதி ரோட்டைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். வண்டி நகரவில்லை. டிரைவர் பாவம், நல்ல மனுஷர், பின்னால் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே வந்தார்.

"இன்னா சார், நான் பாட்டுக்குப் பேசிக்கினு கீறேன், நீ ஒண்ணுமே சொல்ல மாட்டேன்ற?"

என் கணவர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று நினைத்தேன்.

சின்ன அரங்கம்தான். பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்னால் ஜமக்காளத்தில் மாணவர்கள். மேடையில் பாட உட்கார்ந்தது முதுகலை படிக்கிற ஒரு பெண். காட்டன் புடவை, பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க். இரண்டு பாட்டு பாடினாள். அவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பிறகு, "அடுத்து மோகனம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பாட்டைத் தொடங்கும் முன் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவார்கள் இல்லையா, அந்த ஆலாபனை. அதில் வார்த்தையே கிடையாது. 'த', 'ரி', 'னா' என்று வெறும் ஒலிதான். அவள் மெதுவாக மேலே ஏறினாள், இறங்கினாள், ஓர் இடத்தில் நின்று குழைந்தாள். சுற்றிலும் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் "ஆஹா" என்றார். இந்தப் பெண் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் புரிகிறதே என்று எனக்குள் ஓடியது. பக்கத்தில் பார்த்தேன். அவர் முன்னால் சாய்ந்து, வாயைப் பிளந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று அவரிடமிருந்து ஒரு ஒலி. தணிவான, நீளமான ஒலி.

முன்வரிசைக்காரர் திரும்பி, "சார், கொஞ்சம் அமைதியா" என்றார். "என்னங்க, வாங்க, வெளியே போகலாம்" என்று கையைப் பிடித்தேன். அவர் அசையவில்லை. ஒலியும் நிற்கவில்லை.

மேடையில் அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். போச்சு, நிறுத்தச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. பாடிக்கொண்டிருந்ததை அப்படியே இறக்கிக்கொண்டு வந்து, அவர் பிடித்திருந்த அதே ஸ்வரத்தில் நிறுத்தினாள். இரண்டு குரலும் ஒன்றாகிவிட்டன. பிறகு ஒரு சின்னத் துண்டு பாடிவிட்டு, அவரைப் பார்த்துக் காத்திருந்தாள்.

அவர் அதைத் திருப்பிப் பாடினார். கரகரப்பாக, ஆனால் பிசகாமல்.

இன்னொன்று பாடினாள். அதையும் பாடினார். வயலின்காரர் வில்லைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். முன்வரிசைக்காரர் கைகூப்பிக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் கணவர் இன்னொரு மனுஷியோடு பேசிக்கொண்டிருந்தார். அதற்குப் பேச்சு என்று பெயரில்லை, அவ்வளவுதான்.

கச்சேரி முடிந்ததும் அந்தப் பெண் நேராக எங்களிடம் வந்தாள்.

"அங்கிள், சுருதி அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. எங்க பாடுவீங்க?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையை அமர்த்தினார். "அது... அது..." என்று திணறினார். அவள் அவசரப்படவில்லை, முகம் சுழிக்கவில்லை, அப்படியே நின்றாள். அவர் கண்ணை மூடி, எங்கள் சர்ச்சில் பாடுகிற பாட்டு ஒன்றைத் தொடங்கினார். அதுவும் மோகனம்தான் என்று அவள் பிற்பாடு சொன்னாள். முதலில் வெறும் ராகம். அப்புறம், "ஆண்டவரே" என்று வார்த்தை வந்தது. அடுத்த வார்த்தையும் வந்தது. முழுசாக ஒரு வரி.

மறுவாரம் பேச்சுப் பயிற்சிக்கு அவரே கிளம்பினார். சிலருக்கு இப்படி நடப்பதுண்டு, பேச்சு அடைபட்டாலும் பாட்டுக்கு வேறு வழி திறந்திருக்கும் என்று அங்கே சொன்னார்கள். பாடச் சொல்லியே பயிற்சி தந்தார்கள். இன்றும் அவர் முழுசாகப் பேசுவதில்லை. ஆனால் "காபி வேணும்" என்பதை ராகம் போட்டுக் கேட்பார். என் பெயரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைப் பாட்டாகக் கூப்பிட்டதில்லை!

அந்தப் பெண் நினைத்திருந்தால் அவரை வெளியே அனுப்பிவிட்டு, தன் கச்சேரியை ஒழுங்காக முடித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் காத்திருந்தாள். என் வகுப்பில் ஒரு குழந்தை பதில் வராமல் திணறும்போது, முன்பெல்லாம் அடுத்த குழந்தையை எழுப்புவேன். இப்போது அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வருகிறது, நானும் நின்று காத்திருக்கிறேன்.