மேட்டு வீட்டுக்கு வந்த போன்

எங்கள் மலைச் சரிவில் செல்போன் சிக்னல் கிடையாது. மேட்டு வீட்டு வாசலில் மட்டும் கிடைக்கும். அதனால் கேஸ் ஏஜென்சியோ ரேஷன் கடையோ, யார் நம்பர் கேட்டாலும் நாங்கள் எல்லோரும் மேட்டு வீட்டு நம்பரைத்தான் கொடுப்போம். போன் வந்தால் அந்த வீட்டு அக்கா மரவள்ளிக் காட்டு வரப்பில் நின்று கூவுவார். "கண்ணூ, கேஸு நாளைக்கு வருதாமா!" எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்த சேதி அரியூர் நாட்டு ஊர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை.

என் வீட்டுக்காரர் ஒரு மழைக்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இருந்து என்ன பிரயோசனம் என்று ஒருநாள் அவர் சொன்னபோது எனக்குக் கைகால் ஓடவில்லை. செம்மேட்டில் டாக்டரிடம் காட்டினால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று மலை இறங்கி நாமக்கல்லில் காட்டினோம். மாத்திரை அவரை மெல்ல எழுப்பிக் காட்டுக்கு அனுப்பியது. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "எவனாவது என்னைப் பைத்தியம்னு சொன்னா, அன்னிக்கே மாத்திரைய நிறுத்திப்போடுவேன்."

சோளக்காடு ஊரில் பஸ் நிற்கிற இடத்தில் யாரோ ஒரு கம்பெனிக்காரர்கள் குடை விரித்து மருந்துத் தள்ளுபடி அட்டை போட்டுக் கொடுத்தார்கள். மாத்திரை விலை குறையும் என்றதும் நானும் வரிசையில் நின்றேன். நோய், டாக்டர், மாத்திரை எல்லாம் கேட்டார்கள், சொன்னேன். நம்பர் கேட்டபோது பழக்க தோஷத்தில் வாய் தானாக மேட்டு வீட்டு நம்பரைச் சொல்லிவிட்டது.

நாலைந்து நாள் கழித்துக் களை எடுத்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து சத்தம் வந்தது. அக்கா பக்கத்துக் காட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கூவினார்: "கார்டுக்காரங்க பேசினாங்க! உங்க சக்கரை மாத்திரைக்குத் தள்ளுபடி வந்துருக்குதாமா!" அவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். சர்க்கரை நோயில் என்ன வெட்கம்? அடுத்து வரப்போவது எங்கள் மாத்திரைச் சேதிதான்.

அக்காவிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் என் வீட்டுக்காரரை நானே காட்டிக்கொடுத்ததாக ஆகும். மறுநாள் காலை பஸ்ஸில் செம்மேடு போனேன். மாடியில் ஓர் அறை, அதுதான் கார்டு ஆபீஸ். கார்டை நீட்டி நம்பரை மாற்றச் சொன்னேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவன், காத்திருந்த அத்தனை பேர் நடுவிலும் திரையைப் பார்த்து, "ஆமாங்கக்கா, மன அழுத்த மாத்திரை..." என்று ஆரம்பித்தான்.

"மெதுவாப் பேசு!" என்று நான் போட்ட சத்தத்தில்தான் எல்லோரும் திரும்பினார்கள்.

"நம்பரை மாத்திக்கலாங்கக்கா. ஆனா விவரமெல்லாம் போன் பண்றவங்களுக்குப் போயிருச்சு. மருந்துக் கம்பெனிக்கும் போயிருக்கும். இன்னிக்கோ நாளைக்கோ கூப்பிடுவாங்க."

"யாரைக் கேட்டு அனுப்பினீங்க?"

"கையெழுத்துப் போட்டீங்களே. இது இன்சூரன்ஸ் இல்லீங்கக்கா, வெறும் தள்ளுபடி கார்டு. நோயை வெளிய சொல்லக்கூடாதுங்கற சட்டமெல்லாம் எங்களுக்கு வராதுங்க."

"தள்ளுபடி போட்டு விக்கிறதுக்கு இதென்ன சேலையா? ஒரு மனுஷனோட மனசு!"

மாடியை விட்டு இறங்கினேன். தாலுகா ஆபீஸில் புகார் எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர், இதை எந்தத் துறைக்கு அனுப்புவதென்று தனக்கே தெரியவில்லை என்றார். ஒளிக்காமல் சொன்னாரே என்று அவர்மேல் கோபம் வரவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் பாதி தூரம் வந்திருப்பேன். வரப்பில் அக்கா வந்து நின்றார். கீழே மரவள்ளிக்குள் என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு நிமிர்ந்தார். இன்னும் நாலு காட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

"கண்ணூ! உங்களுக்கு ஒரு போன் வந்துச்சு..."

ஓடிப் போய் அக்கா வாயைப் பொத்த முடியாத தூரம்.

அக்கா அங்கேயே நிறுத்தினார். காட்டில் நின்ற ஆட்களைப் பார்த்தார். பிறகு, "இரு, நானே வாரேன்!" என்றார்.

முழங்கால் வலிக்காரர், சரிவைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். என் காதோரம், "அந்தக் கார்டுக்காரங்கதான். அவங்க சொன்னது எனக்குக் காதுல விழுகலன்னு வெச்சுக்க, சாமி," என்றார். என் வீட்டுக்காரர் தூரத்திலிருந்து, "என்னங்கக்கா போனு?" என்று கேட்டார்.

"கெழங்கு மில்லுலிருந்துப்பா! நாளைக்கு லோடு வேண்டாமாமா!"

அவர் தலையாட்டினார். அக்கா மேடேறி வீடு போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையோடு எதிரில் நின்றேன். அவர் கையை நீட்டவில்லை.

"மில்லுச் சேதி சொல்றதுக்கு அந்தக் காலோட இறங்கி வருவாங்களா? தெரிஞ்சு போச்சா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமாங்க," என்றேன்.

வாசல் வழியாக மேட்டு வீட்டு விளக்கைப் பார்த்தார்.

"அவங்க சத்தமாச் சொல்லலியே," என்று மாத்திரைக்கு உள்ளங்கையை நீட்டினார்.