அப்போஸ்தலர்களுக்கு நகம் வெட்டுகிறவன்

வலக்காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்து, பெருவிரலை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, "ஆடாதேங்கோ அங்கிள், நாளைக்குச் சுவாமி இந்த நகத்தைக் கண்டால் பூசையை விட்டிட்டு ஓடிடுவார்" என்று சொல்லிக்கொண்டே டனிஸ்ரன் வெட்டத் தொடங்குகிறான். பன்னிரண்டு அப்போஸ்தலர்களுக்கும் கால் நகம் வெட்டிவிட்ட மனிதன் திருச்சபையின் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றில் இவன் ஒருவன்தான். ரோமாபுரியில் தேடினாலும் இன்னொருவன் அகப்படமாட்டான். இதில் கொஞ்சம் புளுகு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நகங்கள் மட்டும் மெய்.

பெரிய வியாழன் மாலைப் பூசையில் பங்குத்தந்தை பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுவார். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் தமிழர் கூடும் இந்தக் கோயிலில் அந்தப் பன்னிரண்டு கதிரைகளும் எழுபதைத் தாண்டிய ஆண்களுக்கு. குனிந்து தங்கள் காலைத் தாங்களே பார்த்துப் பல வருடமான மனிதர்கள். மொன்றியல் குளிருக்கு இரண்டு சோடி காலுறைக்குள்ளும் பூட்சுக்குள்ளும் மாரி முழுக்க அடைந்து கிடந்த கால்கள் அவை. சில வருடங்களுக்கு முன் ஒருவரின் நகம் சுவாமியின் கையைக் கீறிவிட்டது. கீறல் மட்டும்தான் என்கிறார்கள் சிலர். தையல் போட்டது என்கிறார்கள் சிலர். ஆயருக்குச் செய்தி போனது என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படியோ, அதற்கு அடுத்த வருடத்திலிருந்து முதல் நாள் புதன் மாலையே, கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில், ஒரு பிளாஸ்ரிக் பேசினும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் பெரிய நகவெட்டியுமாக டனிஸ்ரன் வந்து முழங்காலில் நிற்கிறான்.

முழங்காலில் நிற்பது அவனுக்குப் புதிதில்லை. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. சின்ன விமானங்களின் வயிற்றுக்குள் ஆள் நிமிர முடியாது; முழங்காலில் ஊர்ந்துதான் பெட்டிகளை அடுக்க வேண்டும். அங்கே கட்டுகிற கறுப்பு முழங்கால் உறைகளைத்தான் இங்கேயும் கட்டிக்கொண்டு வருகிறான். உயிரியலில் பட்டம் வாங்கிய கோடையில் "சும்மா ரெண்டு மாசத்துக்கு" என்று போன வேலை அது. அந்த இரண்டு மாதத்துக்குள் அவனுக்குக் கலியாணம் நடந்தது, மகள் பிறந்தாள், மகளுக்கு நான்கு வயதும் ஆகிவிட்டது.

மெற்றோவில் ஏறினால் முகங்களைப் பார்க்கமாட்டான், சப்பாத்துகளைப் பார்ப்பான். குதி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், "அந்த அம்மாவுக்கு இடுப்பிலை நோ இருக்குது" என்று மனைவி ஜொய்சியின் காதில் சொல்வான். "எழும்பிப் போய்க் கேளுங்கோவன், அடிதான் விழும்" என்பாள் ஜொய்சி. அவளுக்கு லொங்குய்யில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை. நகரத்தைக் குறுக்கே கடந்து, மஞ்சள் கோட்டு மெற்றோவில் ஆற்றுக்கு அடியால் போகிறவள் என்பதால் அதிகாலையிலேயே வீட்டைவிட்டு இறங்கிவிடுவாள்.

பல்கலைக்கழகத்தில் மேலே படிக்க அவன் போட்ட விண்ணப்பத்துக்கு உடற்கூற்றியல் பாடம் ஒன்று குறைந்தது. போன மாரியில் மாலை வகுப்புக்குப் போய் அதைப் படித்தான். படித்தது மறக்காமல் இருக்க, கையில் அகப்பட்ட பாதங்களின் எலும்புகளுக்கெல்லாம் பெயர் சொல்வான். தை மாதத்தில் ஒருநாள், பன்னிரண்டு பேரில் ஒருவரான அருமைராசாவின் வீட்டில் அவருக்கு நகம் வெட்டும்போது, குதிக்காலைப் பிடித்து "கல்கேனியஸ்" என்றான். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அருமைராசா நாலு பேர் நடுவில் நின்று, "எனக்குக் கல்கேனியஸ் எண்டு தம்பி கண்டுபிடிச்சிட்டார். ரெண்டு காலிலையுமாம்" என்று அறிவித்தார். அவருடைய மனைவி அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்துவிட்டார். அது எலும்பின் பெயர், எல்லோருக்கும் இருப்பது என்று டனிஸ்ரன் விளங்கப்படுத்திப் பார்த்தான்.

"எல்லாருக்கும் வந்திட்டுதோ?" என்று அருமைராசா இன்னும் கவலைப்பட்டார்.

இவ்வளவு விளையாட்டுக்கும் நடுவில் அவனிடம் ஒரு பிடிவாதம் உண்டு. புண்ணோ, சிவப்போ, சதைக்குள் இறங்கிய நகமோ கண்ணில் பட்டால் நகவெட்டியைக் கீழே வைத்துவிடுவான். "இதுக்கு மேலை தொட எனக்கு உரிமை இல்லை. கிளினிக்குக்குப் போங்கோ" என்பான். ஓம் ஓம் என்று தலையாட்டுவார்கள். பாதிப்பேர் போகமாட்டார்கள். வீட்டுக்குப் போய் மஞ்சளை அப்பிக்கொண்டு இருந்துவிடுவார்கள். அப்படி இருந்த ஒரு நீரிழிவுக்காரர் அடுத்த பெரிய வியாழனுக்கு ஒற்றைக் காலோடு வந்தார். அதைப் பற்றி டனிஸ்ரன் யாருடனும் கதைப்பதில்லை. ஆனால் அந்த வருடம்தான் அவன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினான்.

வேறு துறையில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களைச் சேர்த்து, பல வருடப் பாடத்தை நெருக்கிப் பிழிந்து ஊட்டி, தாதியியல் முதுமாணிகளாக வெளியே விடுகிற படிப்பு அது. முதல் தடவை கிடைக்கவில்லை. இந்த முறை நேர்முகம் வரைக்கும் கூப்பிட்டார்கள்.

வீட்டில்தான் சிக்கல். மாமனார் ஞானேந்திரன், மனைவி போனபிறகு இவர்களோடு இருக்கிறார். "மருமகன் மாஸ்ரர்ஸ் செய்யப்போறார்" என்று கோயில் வாசலில் முதல் ஆளாகச் சொன்னவர் அவர்தான். எதிலே என்று கேட்டவர்களுக்கு "எல்லாத்திலையும்தான்" என்று பதில் கொடுத்திருக்கிறார். தாதியியல் என்று தெரிந்த அன்றோடு வாயை மூடிக்கொண்டார். ஊர் ஆஸ்பத்திரிகளில் தாதியை 'மிசி' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மிசி என்றால் வெள்ளைக் கவுண், வெள்ளைத் தொப்பி, கண்டிப்பான ஒரு பெண்பிள்ளை.

"ஆம்பிளை மிசியோ?" என்று கேட்டார் ஞானேந்திரன். "மிசிக்கு என்னத்துக்கு மாஸ்ரர்ஸ்? நாளைக்குச் சனம் உம்மை என்னெண்டு கூப்பிடுறது?"

"டனிஸ்ரன் எண்டு கூப்பிடட்டும், மாமா."

அவரும் ஒரு நீரிழிவுக்காரர். கொஞ்ச மாதமாக வலக்காலை ஒருக்களித்து வைத்து நடக்கிறார். அது மருமகனின் கண்ணில் படாமல் இருக்குமா? கேட்டால், "கலியாணத்திலை பெண்வீட்டார்தான் மாப்பிள்ளைக்குக் கால் கழுவுறது. நான் உமக்கு முன்னாலை காலை நீட்டுறதோ? மாறி நடக்கச் சொல்லுறீரோ?" என்று காலுறையை இன்னும் மேலே இழுத்துவிடுவார். அப்படிப்பட்டவரைத்தான் சுவாமி இந்த வருடம் பன்னிரண்டாவது ஆளாகத் தெரிவுசெய்திருந்தார். பன்னிரண்டாவது கதிரையை யூதாசின் கதிரை என்று மற்றவர்கள் பகிடி பண்ணுவது அவருக்கும் தெரியும்.

படிப்பில் சேர்ந்தால் டனிஸ்ரன் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு நிற்க வேண்டும். ஜொய்சி அதற்கு முன்பே போய்விடுவாள். மகளைக் கார்தெரிக்கு, அதாவது பிள்ளைகள் காப்பகத்துக்கு, கூட்டிக்கொண்டுபோய் விட வீட்டில் மிஞ்சுகிற ஒரே ஆள் ஞானேந்திரன். அவர் ஓம் என்றால் படிப்பு. மாட்டேன் என்றால் தொடர்ந்து விமானத்தின் வயிறு. இதை அவரிடம் கேட்க டனிஸ்ரனுக்கு வாய் வரவில்லை. ஜொய்சியைக் கேட்கச் சொன்னான். "நோயாளியிட்டைக் கதைக்கப் பழகப் போறவர் நீங்கள். உங்கடை மாமாவிலை தொடங்குங்கோ" என்று அவள் கையை விரித்துவிட்டாள்.

பெரிய வாரத்துத் திங்கட்கிழமை, கணினி வழியாக நேர்முகம். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் உள்ளே இருந்தான். திரையில் மூன்று பேர். ஏன் தாதி என்று கேட்டபோது, காண்கிறேன், தொட உரிமை இல்லை, அந்த உரிமை வேண்டும் என்றான். மூவரும் எழுதிக்கொண்டார்கள். பிறகு ஒருவர், இந்த நகரத்து நோயாளிகளோடு பேசுவானா என்று பார்க்கவோ என்னவோ, பிரெஞ்சுக்கு மாறினார். சின்னப் பிள்ளை இருக்கிறதே, அதிகாலைப் பயிற்சிக்கு என்ன வழி என்று கேட்டார். டனிஸ்ரனின் வாய் அவனைக் கேளாமல் பதில் சொல்லிவிட்டது.

வெளியே ஞானேந்திரன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து, காதைக் கதவுக்குக் கொடுத்திருந்தார். இருபத்தைந்து வருடம் தையல் தொழிற்சாலையில் நின்றவர். அங்கே அவரோடு கிரேக்கரும் போர்த்துக்கேயரும்தான் வேலை செய்தார்கள். அதனால் அவருடைய பிரெஞ்சு போன்ஜூரில் தொடங்கி மெர்சியில் முடிந்துவிடும்.

"பிள்ளை," என்றார் மகளிடம், "உன்ரை மனிசன் உள்ளுக்கை ஆரையோ போ போ எண்டு கலைக்கிறார். என்னையோ?"

ஜொய்சி கதவடியில் வந்து நின்று கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினாள். "போ இல்லை அப்பா. 'போ-பேர்'. மாமனாரை இஞ்சை அப்பிடித்தான் சொல்லுறது. 'போ' எண்டால் வடிவு, அழகு. 'பேர்' எண்டால் அப்பா."

ஞானேந்திரன் தாடையைத் தடவிப் பார்த்தார். "வடிவான அப்பாவோ?"

"ஓம்."

"வடிவான அப்பா என்ன செய்வாராம்?"

இதற்கு மேல் மறைக்க ஜொய்சிக்கு வழியில்லை. "பிள்ளையை விடியக் கார்தெரிக்குக் கொண்டுபோய் விடுவாராம்."

"ஆரைக் கேட்டுச் சொன்னவர்?"

அறைக்கதவு திறந்து டனிஸ்ரன் வியர்வையோடு வெளியே வந்தபோது மாமனார் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டிருந்தார். அன்று முழுக்க ஒரு வார்த்தை இல்லை. மறுநாளும் இல்லை. ஆனால் செவ்வாய் காலை, எங்கேயும் போகிற அலுவல் இல்லாத மனிதர், முகத்தை மழித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, குளியலறைக் கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றதை ஜொய்சி கண்டிருக்கிறாள்.

இப்போது புதன் மாலை. பதினொரு பேரும் வரிசையாக முடிந்துவிட்டார்கள். வெந்நீரில் ஊறிய பாதங்களை நீட்டிக்கொண்டு, புதுக்குழந்தைகளைப் போலச் சிவந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஜொய்சி துவாய்களை மடிக்கிறாள். பன்னிரண்டாவது கதிரையில் ஞானேந்திரன், சப்பாத்தோடு.

"ஞானேந்திரத்தார் சப்பாத்தோடைதான் மோட்சத்துக்குப் போவாராக்கும்" என்றார் அருமைராசா. "அந்தக் கதிரையிலை இருந்தவர் ஆரெண்டு நாங்கள் சொல்லத் தேவையில்லை."

"நீர் உம்மடை கல்கேனியஸைப் பாரும்" என்றார் ஞானேந்திரன். பிறகு யாரையும் பார்க்காமல், வலது சப்பாத்தைக் கழற்றினார். காலுறையை உருவினார். காலை நீட்டினார்.

டனிஸ்ரன் முழங்காலாலேயே நகர்ந்து வந்தான். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்தான். கழுவித் துடைத்து, சின்ன விரலிலிருந்து தொடங்கி நாலு நகத்தையும் வெட்டினான். பெருவிரலில் கை நின்றது. நகத்தின் ஓரம் சதைக்குள் இறங்கி, சுற்றிவரச் சிவந்து வீங்கியிருந்தது. மெல்ல அழுத்தினான்.

"நோகுதோ, மாமா?"

"இல்லையே."

"இவ்வளவு வீங்கியும் நோகேல்லை, அதுதான் பயமாயிருக்கு." நகவெட்டியைக் கீழே வைத்தான். "நாளைக்கு விடியவே கிளினிக்குக்குப் போறம். நான் வாறன்."

"ஏன், நீரே வெட்டும். பதினொரு பேருக்கு வெட்டின கைதானே."

"இதுக்கு மேலை எனக்கு உரிமை இல்லை."

"எப்ப வரும் அந்த உரிமை?"

"எடுத்தாங்கள் எண்டால், ரெண்டு மூண்டு வருசத்திலை."

ஞானேந்திரன் தன் பெருவிரலைப் பார்த்தார். அதைப் பார்த்து அவருக்கும் வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். "அதுவரைக்கும் பிள்ளையை ஆர் கார்தெரிக்குக் கொண்டுபோய் விடுறது?"

பாதம் இன்னும் டனிஸ்ரனின் உள்ளங்கையில்தான் இருந்தது.

"அதுதான் வடிவான அப்பா ஒருத்தர் இருக்கிறார் எண்டு அவங்களுக்குச் சொல்லிப்போட்டீரே," என்றார் ஞானேந்திரன். "பேந்தென்ன? சொன்னதைப் பொய்யாக்கேலாதுதானே. நான் நாலரைக்கே எழும்பிற மனிசன்."

அருமைராசாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஒரு நல்ல காரியம் நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. எழுந்து நின்று கைகளைத் தட்டினார். "அப்ப சரி. பன்னிரண்டு அப்போஸ்தலரும் முடிஞ்சுது. இனிச் சுவாமி பயமில்லாமல் கழுவலாம்."

ஜொய்சி கடைசித் துவாயை மடித்து வைத்துவிட்டு, தகப்பனின் மற்றக் காலைப் பார்த்தாள்.

"பதினொண்டரைப் பேர்தான், அங்கிள்" என்றாள். "சுவாமி வலக்கால்தான் கழுவுவார் எண்டு அப்பா ஒண்டைத்தான் குடுத்தவர்."

ஞானேந்திரன் மகளை ஒருதரம் முறைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து, இடது சப்பாத்தின் முடிச்சை அவிழ்த்தார்.