இன்சுலேட்டரில் வைத்த பொட்டு

எனக்கு மூக்குக்கு மேல கோவம். சுவிட்சு விக்க வர்றவங்களைப் பார்த்தா அது இன்னும் கொஞ்சம் கூடும். மங்கலம் ரோட்டுல ஒரு சாயப்பட்டறைக்குப் புது மெயின் சுவிட்சு வாங்கித் தர, கரண்ட்டு காண்ட்ராக்டரா நான் உக்காந்திருந்தேன். வந்தவரு பளபளன்னு படம் போட்ட புத்தகத்தை விரிச்சு, இத்தனை ஆம்பியர், அத்தனை வோல்ட்டுன்னு ஒப்பிச்சாரு. "அதெல்லாம் சரிங்க. மெசினெல்லாம் ஓடிட்டிருக்கறப்ப, லோடோட இதை எத்தனை தடவை தொறந்து கரண்ட்டை நிறுத்தலாம்? பழுதான லைன் மேல தெரியாம மூடுனா தாங்குமா?"ன்னு கேட்டேன். மனுசன் புத்தகத்தைப் பொரட்டிட்டே இருந்தாரு. எந்திரிச்சுப் போங்கன்னு சொல்லிட்டேன்.

பட்டறையை நடத்துற அக்கா எதிர்ல உக்காந்திருந்தாங்க. முதலாளியா இருந்த அவங்க வீட்டுக்காரர் போய் ஒரு வருசம்கூட ஆகலை. அங்க இருந்தது பழைய மாதிரி சுவிட்சு. கீழ கைப்பிடியை இழுத்தா, கம்பத்து மேல கரண்ட்டு போற பிளேடு விலகும். உள்ள எல்லா மெசினையும் நிறுத்திட்டுத்தான் அதைத் தொறக்கோணும். அவரு போன அன்னைக்கு டிரான்ஸ்பார்மர்ல புகை வருதுன்னு யாரோ கத்துனதும், அவரு ஓடிப்போய் இழுத்துட்டாரு. உள்ள சாயத்துல துணி ஓடிட்டே இருந்துச்சு. அப்படி லோடோட பிளேடு விலகுனா கரண்ட்டு சும்மா அறாதுங்க, தீயா நீண்டுட்டு நிக்கும். அந்தத் தீ அவரு மேல எறங்கிருச்சு. கோயமுத்தூர் ஆசுபத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சுபோச்சு.

அக்கா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "ஏனுங்கண்ணா, பதறிப்போய் ஒருத்தன் ஓடிவந்து இழுத்தாலும் ஆளைக் கொல்லாத சுவிட்சுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

இந்தத் தொழில்ல இதைவிட நல்ல கேள்வியை யாரும் என்கிட்டக் கேட்டதில்லை. இருக்குதுங்கக்கா, லோடு பிரேக் சுவிட்சுன்னு பேருன்னேன். கை மெதுவாத் திருப்புனாலும் வேகமாத் திருப்புனாலும், உள்ள இருக்கற ஸ்பிரிங்கு தன்னோட வேகத்துலதான் பிளேடைத் தட்டிவிடும். தீயை அமுக்கறதுக்குன்னே தனிக் கூடு இருக்கும். மிச்சக் கரண்ட்டை மண்ணுக்கு எறக்கற எர்த்து போடாம சுவிட்சுப் பெட்டிக் கதவு தொறக்காது. அப்படி ஒண்ணைத் தேடிப்பிடிச்சு வாங்கி, தனி அறை கட்டி மாட்டுனோம்.

மாட்டிட்டா வேலை முடிஞ்சுதா? வருசம் ஒரு தடவையாவது தொறந்து துடைச்சுப் பாக்கோணும். இந்தப் பனியன் ஊர்ல காத்துல பாதி பஞ்சுதான். அது சாய ஆவியோட சேர்ந்து, கரண்ட்டை வெளிய விடாமத் தாங்கற இன்சுலேட்டர் மேல பிசுபிசுன்னு ஒட்டும். ஆனா பட்டறையை நிறுத்த எவனுக்கு மனசு வரும்? எல்லா மெசினும் ஒண்ணா நிக்கறது ஆயுத பூசைக்குத்தான். அதனால அன்னைக்குத்தான் எங்க வேலையும். கரண்ட் ஆபீசுல சொல்லி லைனை நிறுத்திட்டு ஆரம்பிப்போம்.

மாட்டுனதுக்கு அடுத்து வந்த ஆயுத பூசைக்கு என்கூட நின்னது பட்டறையோட வயர்மேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், புதுசாக் கல்யாணம் ஆனவன். அவன் பொண்டாட்டிக்கு அங்கயே, துணியில பழுது பாக்கற செக்கிங்ல வேலை. பனியன் வேஸ்ட்டுத் துணியில துடைச்சா நூல் ஒட்டும், தொட்டா கையை ஒடிச்சுப்போடுவேன்னு சொல்லி, நல்ல வெள்ளைத் துணியும் ஸ்பிரிட்டும் குடுத்திருந்தேன். பிளேடு மூணும் ஒரே நேரத்துல சேருதான்னு பார்த்தோம். கிரீஸ் வெச்சோம். எல்லாம் சுத்தம். இன்னும் கொஞ்ச நேரத்துல லைன் கேப்போம், தயாரா இருங்கன்னு சொல்றதுக்காக, கரண்ட் ஆபீசுக்குப் போன் பண்ண ஆபீஸ் ரூமுக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தேன். மூணு இன்சுலேட்டர்லயும் சொட்டச் சொட்டச் சந்தனம், நடுவுல குங்குமம்! நான் போன நேரத்துல பூசைத் தட்டு இந்த அறைக்கு வந்திருக்குது. தட்டை எடுத்தது அக்காவோட கொழுந்தனார் சம்சாரம். புருசன் இல்லாதவங்க தட்டைத் தொடக் கூடாதுன்னு அக்கா கேட்டோரமா ஒதுங்கி நின்னிருந்தாங்க.

"எந்தப் புண்ணியவதி பண்ண வேலை இது?"ன்னு கத்துனேன். ஈரச் சந்தனம், கரண்ட்டு நடந்து போறதுக்கு நாமளே போட்டுக் குடுக்கற ஒத்தையடிப் பாதை. அப்படியே லைன் வந்தா பெட்டிக்குள்ள வெடிக்கும். அப்ப கைப்பிடிகிட்ட நிக்கப்போறது அந்த வயர்மேன்தான்.

"துடைடா"ன்னேன். அவன் கையைப் பின்னால கட்டிக்கிட்டான். "பூசை வச்ச பொட்ட அழிக்கச் சொல்லுதியளே அண்ணாச்சி. என்னால ஆகாது. அப்படியே சுவிட்சப் போடணும்னாலும் போடுதேன்."

கொழுந்தனார் சம்சாரம் அழுகவே ஆரம்பிச்சுட்டாங்க. "இந்தக் கரண்ட்டு ஒரு உசுரைக் கொண்டுட்டுப் போயிருச்சுங்க. இனி யாருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு வேண்டித்தானுங்க வெச்சேன். நல்ல நாளும் அதுவுமா அழிக்கறேங்கறீங்களே!"

என் கோவமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை. துணி என் கையிலதான் இருந்துச்சு, ஆனா கை மேல எழவே இல்லை.

அக்கா கேட்டுகிட்ட இருந்து நேரா நடந்து வந்தாங்க. "குடுங்கண்ணா"ன்னு துணியை வாங்குனாங்க.

"நீங்க வேண்டாங்கக்கா, வேண்டாங்க"ன்னு கொழுந்தனார் சம்சாரம் கையைப் பிடிச்சாங்க.

வெளிய பொரிப் பொட்டலத்தைக் கையில வெச்சுட்டு வயர்மேன் பொண்டாட்டி நின்னுட்டிருந்தா. அக்கா அவளைப் பார்த்துட்டு கொழுந்தனார் சம்சாரம் பக்கம் திரும்புனாங்க. "இங்க அழிக்காம உட்டா, நாளைக்கு அந்தப் புள்ள நெத்தியில அழிக்கோணும். எனக்கு அழிச்சப்ப நீயுந்தான கூட நின்ன?"

கொழுந்தனார் சம்சாரம் பிடிச்ச கையை உட்டுட்டாங்க. அக்கா மூணையும் துடைச்சாங்க. "நல்லாப் போயிருச்சுங்களான்னு பாருங்கண்ணா"ன்னாங்க. நான் ஸ்பிரிட் போட்டு இன்னொரு தரம் துடைச்சேன், ஈரம் காயற வரைக்கும் காத்திருந்தேன். அப்புறம் கதவைச் சாத்தி எர்த்தை எடுத்தோம். நான் மறுபடி போன் பண்ணுனதும் கரண்ட் ஆபீசுக்காரங்க லைன் குடுத்தாங்க. எங்களை எல்லாம் வெளிய நிக்கச் சொல்லிட்டு வயர்மேன் உள்ள போனான்.

ஸ்பிரிங்கு 'டமார்'னு அடிச்சுச்சு. பட்டறை பூரா லைட்டு எரிஞ்சுது. அவன் உள்ளங்கையை வேட்டியில துடைச்சுட்டு வெளிய வந்து, பொண்டாட்டி கையில இருந்த பொரியை ஒரு வாய் அள்ளிப் போட்டான்.

அக்கா அப்பத்தான் அழுதாங்க. சுவத்தைப் பிடிச்சுட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாங்க. அவங்க வீட்டுக்காரரைத் தூக்குன அன்னைக்குக்கூட அப்படி அழுகலைன்னு கொழுந்தனார் சம்சாரம் பின்னால என்கிட்டச் சொன்னாங்க.